எழுபதைத் தாண்டினால் விசில்

எங்கள் துப்பறியும் நிலையத்துக்குக் கண்ணீரோடு வந்தவர்கள் பலர். கத்தியோடு வந்தவர் ஒருவர். கழுத்தில் மூன்று கறுப்பு ரப்பர் மாலைகளோடு வந்தவர் இந்த மெக்கானிக் மட்டும்தான்.

"மாலை எதுக்கு? எங்கயாவது ஜெயிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"தோத்துட்டேன் சார்," என்று சொல்லிவிட்டு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

நிலையம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரே அறை. தலைவி என் அண்ணி. உதவியாளன் நான். டீ வாங்குவது, திட்டு வாங்குவது, தேவைப்பட்டால் அடி வாங்குவது என் இலாகா. அண்ணன் பல் டாக்டர். அவர் வாயைத் திறக்கச் சொல்லித் திறக்க வைப்பார். அண்ணி சொல்லாமலே திறக்க வைப்பார்.

"முதல்ல தண்ணி குடிங்க," என்றார் அண்ணி. "அப்புறம் அந்த மாலையைப் பத்திச் சொல்லுங்க."

"இது கார் கதவைச் சுத்தி ஓடற ரப்பர் மேடம். நாங்க பீடிங்னு சொல்லுவோம். எங்க அக்கா டாக்சி ஓட்டறாங்க. கூடப் பிறந்த அக்கா. அந்த வண்டில பின்னாடி இடது கதவுல காத்து சத்தம். எழுபதைத் தாண்டினா விசிலடிக்குதாம். மூணு தடவை பீடிங் மாத்திட்டேன். கடைசியா கழட்டினதும் சேர்த்து மூணும் இதோ. நான் ஓட்டினா சத்தமே இல்ல. அக்கா ஓட்டினா ஊளையிடுது."

"அக்காவை உக்கார வெச்சு நீங்க ஓட்டிக் காட்டலாமே?"

"பக்கத்துல விட்டாத்தானே! பழைய ரப்பரைத் துடைச்சு மாட்டிட்டு புதுசுன்னு ஏமாத்தறேனாம். பத்து நாளா ஒரு பேச்சும் இல்ல." மாலைகளைக் கழற்றி மேஜையில் வைத்தார். "இன்னிக்கு மூணு மணி சவாரில சத்தம் வந்தா, வண்டியை கம்பெனி ஷெட்டுக்கு விட்டுருவாங்களாம். எனக்கும் அவங்களுக்கும் அத்தோட முடிஞ்சுதுன்னு ஆள் விட்டுச் சொல்லியிருக்காங்க. என் ஷெட்டுல ஏறின முதல் வண்டி அக்காவோடதுதான் மேடம். அப்ப எனக்கு ஸ்பேனர் பிடிக்கவே சரியா வராது. அது தெரிஞ்சேதான் குடுத்தாங்க."

நான் எளிதில் உருகுகிற ஆள்; அண்ணி அப்படியில்லை. அவர் மூன்று ரப்பர்களையும் மேஜையில் நீட்டிப் போட்டு விரலால் தடவிக்கொண்டே போனார். முதல் ரப்பரில் ஒரு சாண் நீளத்துக்கு நசுங்கித் தட்டையாகி இருந்தது. மற்ற இரண்டும் கொழுகொழுவென்று இருந்தன.

"முதல் தடவை நீங்க செஞ்சது வைத்தியம்," என்றார். "அடுத்த ரெண்டு தடவையும் நல்ல பல்லைப் பிடுங்கியிருக்கீங்க."

"அப்ப சத்தம் எங்கேர்ந்து மேடம் வருது?"

அண்ணி எழுந்து அவர் காதில் ஏதோ சொன்னார். மெக்கானிக்கின் கண்கள் விரிந்தன.

"மூச்சு முட்டாதா மேடம்?"

"அதை நீங்கதான் சொல்லணும்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "முட்டாது. அந்தப் பக்கம் ரப்பர் சுமார்தான்."

"என்ன அண்ணி அது?" என்றேன்.

"கொழுந்தனாரே, சாக்பீஸ், பேப்பர் டேப், ஒரு பாக்கெட் பிஸ்கட் வாங்கிட்டு வாங்க," என்றார். "கிரீம் பிஸ்கட் வேண்டாம். மாவு மாதிரி உதிர்றதா இருக்கணும்."

தடயவியல் கூடங்களில் என்னென்னவோ இயந்திரங்கள் இருக்கின்றனவாம். எங்களுக்கு மளிகைக் கடை போதும்.

*

சினிமாவுக்குக் குரல் கொடுக்கிற ஸ்டூடியோ அது. அங்கிருந்து தினமும் மூன்று மணிக்கு இரண்டு குரல் கலைஞர்களை, பைபாஸ் வழியாக ஊருக்கு வெளியே இருக்கிற இன்னொரு ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோய் விடுவதுதான் டாக்சி அக்காவின் சவாரி. நாங்கள் போனபோது, கூலிங் கிளாஸைத் தலையில் ஏற்றிக்கொண்டு, சாவிக் கொத்தை விரலில் சுழற்றியபடி காரில் சாய்ந்து நின்றிருந்தார்.

"அவன் அனுப்பினானா? ரப்பர் மாத்தத் தெரியல, ஆள் மட்டும் மாத்தி மாத்தி அனுப்பத் தெரியுது," என்றார்.

"உங்க தம்பி சரியா தப்பான்னு கண்டுபிடிக்கத்தான் வந்தோம்," என்றார் அண்ணி. "தப்புன்னா நானே கம்பெனி ஷெட்டு வரைக்கும் கூட வரேன்."

அக்காவுக்கு அது பிடித்திருந்தது. சாவிக் கொத்து நின்றது.

அண்ணி இடது பின்கதவைத் திறந்து, ரப்பர் முழுக்க சாக்பீஸைத் தேய்த்தார். கதவைச் சாத்தினார். திறந்தார். கதவு அழுந்திய இடத்திலெல்லாம் வெள்ளைக் கோடு பதிந்திருந்தது. எங்கேயாவது இடுக்கு இருந்தால் அங்கே கோடு அறுந்திருக்கும். மேலிருந்து கீழ்வரை குனிந்து பார்த்தேன். கோடு எங்கும் அறுபடவில்லை.

அடுத்து, கதவிடுக்கில் ஒரு காகிதத் துண்டை வைத்துச் சாத்திவிட்டு என்னை இழுக்கச் சொன்னார். இழுத்தேன். காகிதம் கிழிந்ததே தவிர வெளியே வரவில்லை. பத்து இடத்தில் வைத்துப் பார்த்தோம். பத்தும் கிழிந்தது.

"ரப்பர் புதுசுதாங்க்கா. இறுக்கமும் குறையல," என்றார் அண்ணி.

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"இல்ல. காலியா போகும்போதும் சத்தம் வருமா?"

அக்கா யோசித்தார். "காலியா போகும்போது பாட்டு சத்தமா வெச்சுக்குவேன். இவங்க ஏறினா பாட்டை நிறுத்திடுவேன். வசனம் பாத்துக்கிட்டு வருவாங்க, தூங்குவாங்க."

"சத்தம் வந்தா என்ன செய்வீங்க?"

"வேகத்தைக் குறைச்சிடுவேன். கதவே பிய்ச்சுக்கிட்டுப் போயிடுமோன்னு பயமா இருக்காதா? அறுபதுக்குக் கீழ வந்தா நின்னுடும்."

அண்ணி தலையாட்டிக்கொண்டார். பிறகு, "கொழுந்தனாரே, அக்காவுக்கு ஒரு டீ வாங்கிக் குடுங்க," என்றார்.

ஸ்டூடியோ வராந்தாவில் ஒரு டீ மெஷின் இருந்தது. அது டீ என்று எழுதிய பொத்தானை அமுக்கினால் வெந்நீர் கொடுத்தது. வெந்நீர் பொத்தானை அமுக்கினால் முணுமுணுத்தது. ஒருவழியாக இரண்டு கோப்பை வாங்கிக் குடித்துவிட்டு நாங்கள் திரும்பியபோது, அண்ணி டிக்கியைச் சாத்திக் கையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"கருவிப் பெட்டியை வெச்சேன்," என்றார்.

எங்களிடம் கருவிப் பெட்டியே கிடையாது. அது எனக்கு ஒரு மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது. உதவியாளர்கள் உதவியாளர்களாகவே இருப்பதற்கு இதெல்லாம்தான் காரணம்.

*

முதலில் வந்தவர் வில்லன். நிஜ வில்லன் இல்லை. வில்லன்களுக்குக் குரல் கொடுப்பவர். ஆறடி உயரம். வாயே தெரியாத அளவுக்கு அடர்த்தியான மீசை. அவர் "வணக்கம்" என்றதும் நான் இரண்டு கையையும் மேலே தூக்கிவிட்டேன்.

அடுத்து வந்தவர் அறுபது வயது அம்மா, மூக்குக் கண்ணாடி, நரைத்த கொண்டை. ஸ்டூடியோவில் அவருக்குப் பேர் பாப்பா. சினிமாவில் எந்த ஐந்து வயதுக் குழந்தை பேசினாலும் அது இவர்தான். பழக்கதோஷத்தில் வெளியிலும் அதே குரல்.

"அங்கிள், தள்ளி உக்காருங்க!" என்றார் என்னைப் பார்த்து. எனக்கு முப்பத்து நாலு.

வில்லன் இடது கதவோரம், பாப்பா வலது கதவோரம், நடுவில் நான். அண்ணி முன் சீட்டில். வண்டியின் பின்பக்கம் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தது. வில்லனின் எடை என்று நினைத்துக்கொண்டேன். பாவம், அவர்மேல் அன்று நிறைய பழி விழுந்தது. இது ஒன்றுதான் அநியாயமானது.

கிளம்புவதற்கு முன் அண்ணி இறங்கி, சாத்திய இடது கதவைச் சுற்றி வெளியே இடுக்கு விடாமல் பேப்பர் டேப் ஒட்டினார். கண்ணாடி ஓரம், கைப்பிடி, கீழ்விளிம்பு எதையும் விடவில்லை.

"பார்சல் ரெடி," என்றேன். "எந்த ஊருக்கு அனுப்பணும்?"

வில்லன் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பாப்பா பக்கம் ஒதுங்கிக்கொண்டேன்.

பைபாஸ் வந்தது. வில்லன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு கண்ணை மூடினார். பாப்பா வசனத் தாளைப் பிரித்தார். முள் ஏறியது. அறுபத்தெட்டு. எழுபது. எழுபத்திரண்டு.

ஃப்யூஊஊஊ...

இடது பக்கமிருந்து, கதவின் மேல் விளிம்பிலிருந்து வருவதுபோல, சன்னமாக, நடுங்கிக்கொண்டு வந்தது. டேப் ஒட்டிய கதவு! சாக்பீஸ் கோடு அறாத கதவு!

"கேக்குதா? நல்லா கேக்குதா?" டாக்சி அக்கா ஸ்டீயரிங்கில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "மூணு தடவை மாத்தினானாம்! என்னத்தை மாத்தினான்? கூடப் பிறந்தவகிட்டயே கைவரிசை காட்டறான். இனிமே அவன் முகத்துல முழிக்க மாட்டேன்."

டிக்கி பக்கம் ஏதோ 'டொக்' என்றது. ரோட்டில் பள்ளம் போலிருக்கிறது.

அக்கா காலை எடுத்தார். வேகம் அறுபதுக்கு இறங்கியது. விசில் நின்றது.

"கொழுந்தனாரே, கதவோரம் கையை வெச்சுப் பாருங்க. காத்து வருதா?"

அக்கா மறுபடி எழுபதைத் தாண்டி, விசில் ஊதும்போது, வில்லனின் வயிற்றைத் தாண்டிக் கையை நீட்டிக் கதவின் ஓரமெல்லாம் தடவினேன். ஒரு பொட்டுக் காற்று இல்லை.

"காத்தே இல்ல அண்ணி. விசில் மட்டும் வருது."

"பேய்!" என்றார் பாப்பா, ஐந்து வயதுக் குரலில். எனக்கு நிஜமாகவே முடி சிலிர்த்தது.

"அக்கா, இந்தத் தடவை சத்தம் வந்தாலும் வேகத்தைக் குறைக்காதீங்க," என்றார் அண்ணி. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு எழுபத்தைந்தில் பிடித்தார். விசில் ஓயவில்லை, இன்னும் கொஞ்சம் பதற்றமாகக்கூட ஆனது. அண்ணி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நோட்டில் ஒரு வரி எழுதி, தோளுக்கு மேலாக என்னிடம் காட்டினார்.

'எட்டு நொடிக்கு ஒருமுறை, காற்று மூச்சு வாங்குகிறது.'

இரண்டு முறை படித்தேன். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஆமாம்! ஃப்யூஊஊஊ, ஒரு துளி இடைவெளி. மறுபடி ஃப்யூஊஊஊ. காற்றுக்கு எதற்கு மூச்சு வாங்க வேண்டும்?

அண்ணி அக்காவின் பக்கம் சாய்ந்து காதில் ஏதோ சொன்னார். அக்கா புருவத்தை உயர்த்தினாலும் தலையசைத்தார். வேகம் ஐம்பத்தைந்துக்கு இறங்கியது. விசில் நின்றது. அண்ணி நோட்டை அகலப் பிரித்து, ஏதோ எழுதுகிற மாதிரி, பின் சீட்டிலிருந்து வேகமுள் தெரியாதபடி பிடித்துக்கொண்டார். அக்கா சும்மா கியரைக் குறைத்தார், இஞ்சின் உறுமியது.

"அப்படித்தான் அக்கா, ஏத்துங்க," என்று அண்ணி சத்தமாகப் படித்தார். "அறுபத்தஞ்சு... எழுபது... எழுபத்தஞ்சு!"

ஃப்யூஊஊஊ!

நோட்டின் ஓரத்து வழியாக எட்டிப் பார்த்தேன். முள் ஐம்பத்தைந்தில் சாதுவாக நின்றிருந்தது. டாக்சி அக்காவின் வாய் திறந்தபடியே இருந்தது.

"என் பேச்சைக் காத்து நம்புது கொழுந்தனாரே," என்றார் அண்ணி. "வீட்ல ஒருத்தரும் நம்பறதில்ல. சரி, பிஸ்கட்டை எடுங்க. ரொம்ப நேரமா எல்லாரும் வெறும் வாயா உக்காந்திருக்கோம்."

முதல் இரண்டு பிஸ்கட் பாப்பாவுக்கு. அவர் வாய் நிறைய மென்றுகொண்டிருக்கும்போது அண்ணி, "எழுபத்தெட்டு!" என்றார். விசில் வந்தது.

அடுத்த இரண்டு எனக்கு. "எழுபத்தொன்பது!" விசில் வந்தது. அண்ணி என்னையும் சந்தேகப் பட்டியலில் வைத்திருந்தார் என்பது அப்போதுதான் புரிந்தது. ஏழு வருஷ விசுவாசத்துக்கு இரண்டு பிஸ்கட்.

"சார், உங்களுக்கு," என்று மூன்றை நீட்டினார்.

வில்லன் கண்ணைத் திறந்தார். வேண்டாமென்று கையசைத்தார்.

"நீங்க சாப்பிடலன்னா மனசு கஷ்டமா இருக்கும் சார்."

அவர் வாங்கி மீசைக்குள் போட்டார். மூன்றும் உள்ளே போய்க் கன்னம் உப்பியது.

"அக்கா, என்ன இது!" அண்ணி திடீரென்று அலறினார். "தொண்ணூறு! தொண்ணூத்தஞ்சு!"

வில்லனின் கண்கள் பிதுங்கின. மீசை துடித்தது. ஒரு கணம் அவர் தன்னை அடக்கிக்கொள்ளப் பார்த்தார் என்பதை நான் கண்ணால் கண்டேன். முடியவில்லை.

ப்ஃபூஊஊ!

ஜன்னல் கண்ணாடி, முன் சீட்டின் முதுகு, என் சட்டை, என் புருவம் எல்லாவற்றிலும் பிஸ்கட் மாவு.

ஐம்பத்தைந்தில், அத்தனை அமைதியாக ஒரு கார் அதுவரை ஓடியிருக்காது.

"கார்ல எந்தக் கோளாறும் இல்ல," என்றார் அண்ணி, என் புருவத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு. "உங்க தம்பி மூணு தடவையும் ஒழுங்காத்தான் மாத்தியிருக்கார். விசில் மீசைக்குள்ளேர்ந்து வருது. ஏன்னு சார்தான் சொல்லணும்."

அக்கா வண்டியை ஓரங்கட்டினார். வில்லன் மீசையைத் துடைத்தார். பிறகு பேசினார், ஊரையே நடுங்க வைத்த அந்தக் குரலில், ஆனால் மிக மெல்ல.

"எனக்கு வேகம்னா பயம்."

"என்னது?"

"பயம்மா. எழுபதுக்கு மேல தாங்காது, பைபாஸ் வந்தாலே கண்ணை மூடிக்குவேன். முதல்ல கதவுல நெஜமாவே சத்தம் வந்துச்சு இல்லையா? ஒரு மாசம் நீங்க அறுபதுல போனீங்க. அந்த ஒரு மாசம்தான் நான் நிம்மதியா ஸ்டூடியோவுக்குப் போய்ச் சேர்ந்தேன். அப்புறம் உங்க தம்பி சரி பண்ணிட்டார். அன்னிக்கு நீங்க குஷில தொண்ணூறுல போனீங்க. எனக்கு உயிரே போயிடுச்சு. வாய் தானா ஊதிடுச்சு. நீங்களும் உடனே மெதுவா போனீங்க. அதுலேர்ந்து..."

"மெதுவா போம்மான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்!"

"எப்படிச் சொல்றது? ரயிலைக் கவுக்கறவனுக்கும் பாலத்துக்கு வெடி வைக்கிறவனுக்கும் நான்தான் குரல். இந்தக் குரல்ல இதைச் சொல்லிப் பாக்கட்டுமா?" தொண்டையைச் செருமினார். "கொஞ்சம்... மெதுவா... போம்மா."

எங்கள் எல்லாருக்கும் முதுகுத்தண்டு சில்லிட்டது.

"கொலை மிரட்டல் மாதிரி இருக்கு அங்கிள்," என்றார் பாப்பா.

நான் சிரித்தேன். அண்ணி சிரித்தார். வில்லனே சிரித்துவிட்டார். டாக்சி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தார்.

"நல்லா மாட்டின ரப்பரைக் கழட்டிக் கழட்டி மாட்டினான்," என்றார். "ஒரு தடவைகூட என்னை எதிர்த்துப் பேசல. நான்தான் வாய் கூசாம திருடன்னு சொன்னேன். சின்ன வயசுல நான் உடைச்ச தட்டுக்கெல்லாம் அவன்தான் அடி வாங்குவான். அப்பவும் வாயைத் திறந்ததில்ல."

கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார். தம்பியின் எண்ணை அமுக்கினார்.

எங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு போன் அடித்தது.

"ஐயோ, டிக்கில பொணம் இருக்கு!" என்று பாப்பா கத்தினார், முதல் முறையாகத் தன் சொந்தக் குரலில். அது நல்ல கட்டைக் குரல்.

"பொணத்துக்கு யாரும்மா போன் பண்ணுவாங்க?" என்றேன். கருவிப் பெட்டி எனக்கு உறைத்தது அப்போதுதான்.

இறங்கி ஓடினோம். அக்கா டிக்கியைத் திறந்தார். உள்ளே மெக்கானிக், நாலாக மடிந்து, முகமெல்லாம் அண்ணியின் கைச் சாக்பீஸ் தூளும் கண்ணீருமாகக் கிடந்தார். கையில் அடித்துக்கொண்டே இருந்தது போன்.

"அந்தச் சத்தத்தை இவர் ஒரு தடவையாவது கேக்க வேண்டாமா?" என்றார் அண்ணி. "நீங்கதான் வண்டில ஏத்த மாட்டேன்னுட்டீங்க. அதான் சாமானோட சாமானா ஏத்தினேன்."

"எவ்வளவு நேரமாடா உள்ள இருக்க?" என்றார் அக்கா.

"ஸ்டூடியோவுலேர்ந்து."

"நான் சொன்னதெல்லாம் கேட்டுச்சா?"

"முகத்துல முழிக்க மாட்டேன்னது கேட்டுச்சு. தட்டு கதையும் கேட்டுச்சு." மெக்கானிக் மூக்கை உறிஞ்சினார். "வண்டி கம்பெனி ஷெட்டுக்குத்தானே போகுது?"

"கம்பெனி ஷெட்டுல எவனாவது டிக்கில படுத்து வேலை பாப்பானா?" அக்கா அவர் கையைப் பிடித்து இழுத்து நிமிர்த்தினார். முகத்து சாக்பீஸைத் தன் சட்டைக் கையால் அழுத்தித் துடைத்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். "மன்னிச்சுக்கடா" என்று அவர் சொன்னதாக எனக்கு நினைவில்லை. தம்பியும் அதை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மெக்கானிக் தொழிலுக்குத் திரும்பினார். "அக்கா, இந்த டிக்கி பீடிங் தேஞ்சிருக்கு. காத்து உள்ள வருது. அதனாலதான் நான் உயிரோட இருக்கேன். முன்னாடி கேக்காது. இருந்தாலும் நாளைக்கு மாத்திடறேன்."

"மாத்தாதே," என்றார் அக்கா.

"ஏன்?"

"முன்னாடி கேக்கற மாதிரி பண்ண முடியுமா? நல்லா விசிலடிக்கணும்."

மெக்கானிக் அக்காவைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மூணு தடவை மாத்தி விசிலை நிறுத்தினவன்கிட்ட விசில் வைக்கச் சொல்றியே! எதுக்குக்கா?"

"எனக்கு ஆக்சிலேட்டர்ல கால் கனம்டா. வேகம் ஏறினா யாராவது சொல்லணும். மனுஷங்க சொல்லக் கூச்சப்படறாங்க. வண்டியே சொல்லட்டும். முடியுமா, முடியாதா?"

மெக்கானிக் டிக்கி ரப்பரை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தார். பத்து நாளாகக் காணாமல் போயிருந்த சிரிப்பு அவர் முகத்தில் வந்தது.

"முடியும். எழுபதுல வைக்கவா, எழுபத்தஞ்சுல வைக்கவா?"

காரின் உள்ளேயிருந்து, டேப் ஒட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து, அந்தப் பயங்கரமான குரல் கேட்டது.

"அறுபது."